பதினோராவது ஊசி

சின்னப்பையனுக்குச் சட்டை மாட்டிவிடுவது காந்திமதியின் வேலை என்றாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலில் வலது கை. அது தோள் உயரத்துக்கு மேலே வராது என்பதால் சட்டைதான் இறங்கி வந்து கையைப் பார்க்க வேண்டும். அப்புறம் முதுகைச் சுற்றி இடது கை. இது முடிவதற்குள் பென்னலூர் முனையில் அவளுடைய கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிடும்.

"ஆ... மெல்லமே. புடுங்கிடப் போற."

"புடுங்கினா வேற கை மாட்டிக்கலாம், குடு. வேன் வந்துட்ச்சி."

"நோவுதுன்றேன்."

"எனுக்கும்தான் நோவுது. காலங்காத்தால களி கிண்டி, சோறு கட்டி, நாப்பத்தெட்டு வயசு ஆம்பளைக்கு சட்ட மாட்டி வுட்டு... எனுக்கு எவன் மாட்டி வுடுறான்?"

சின்னப்பையன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பதினாறு வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிட்னஸ் மெடிக்கல். கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார்கள். தூக்கினால் வண்டி. தூக்காவிட்டால் ஹவுஸ்கீப்பிங்கில் துடைப்பம். துடைப்பம் பிடிக்கவும் கைதான் வேண்டும் என்பதை ஹெச்.ஆர். இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோள் மூட்டு இறுகிவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துப் பயிற்சி செய்தால் ஒன்றரை வருஷத்தில் இளகும் என்றார்கள். மெடிக்கலுக்கு எட்டு வாரம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட மூன்று அறைகள். தெக்கத்திப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதில் மணிகண்டபிரபு சங்கரன்கோவில் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் போன் கம்பெனியில் லைனில் நின்றான். வரிசையாக வரும் போன்களின் திரையை ஒரு விரலால் தொட்டு, வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்புக்குப் போய்த் தொடு சிகிச்சைச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். அன்றிலிருந்து ஞாயிறுகளில் அதே விரலால் மனிதர்களைத் தொட்டான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், காந்திமதி சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது குடத்தோடு தண்ணீர் பிடிக்க வந்தவன், குடத்தை வைத்துவிட்டுச் சின்னப்பையனின் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணை மூடினான்.

"கல்லீரல் அழுதுக்கிட்டு கெடக்கு, அண்ணாச்சி."

"தோளுதாம்ப்பா அழுவுது."

"தோளு வெறும் வாய்தான்லா. அழுதது கல்லீரலு. சுகர் மாத்திர எத்தன வருசமா திங்கியோ?"

"எட்டு வருஷம்."

"எட்டு வருசக் கழிவு. எங்கன போவும்? தோளுல போயி உக்காந்துட்டு. மாத்திரய நிப்பாட்டுங்க, உடம்பு தன்னால வெளியேத்தும். ஊசியுங் கெடயாது, மருந்துங் கெடயாது. ஒத்த விரல் போதும்."

சட்டியிலிருந்து கரண்டி வெளியே வந்தது. "ஏன்டா மணி, போன மாசம் ஒனுக்குப் பல்லு நோவு வந்துச்சே, ஒத்த விரல்ல தொட்டுக்கினியா?"

"இல்லக்கா. பல் டாக்டருட்ட போனேன்."

"ஏன்?"

"அது வேற டிபார்ட்மெண்டுக்கா."

"மாத்திரய நிறுத்துன்ற பேச்சு இந்த வூட்ல இன்னொருவாட்டி வந்துச்சி, ஒன்னிய நிறுத்திடுவேன். கொடத்த தூக்கினு போ."

சின்னப்பையன் மீனைத் தின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதபோது கவனிக்க வேண்டும் என்பது இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மீன் கருகிக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை.

காந்திமதி வேலை பார்த்தது கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில். அங்கே ஊசி உடைந்தால் கோயில் நகை காணாமல் போன மாதிரி. லைன் நிற்கும். உடைந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடி, ஒட்டிப் பார்த்து, முழு ஊசி என்று ஆன பிறகு ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு நுனி குறைந்தாலும் நாற்பது சீட்டைப் பிரிக்கச் சொல்வார்கள். எவனோ ஒரு புண்ணியவான் கார் வாங்கி உட்காரும்போது குத்தக் கூடாது. லைனில் உட்காரும் பெண்களுக்குக் குத்தினால் அதற்கு வேறு ரெஜிஸ்டர்.

அந்த லைனில் பக்கத்து மிஷின்காரிதான் படப்பையில் ஒரு டாக்டரைச் சொன்னாள். ஊசி குத்துகிற டாக்டர், ஆனால் மருந்து ஊசி இல்லை.

டைல்ஸ் கடை மாடியில் இருந்தது கிளினிக். டாக்டர் ஷாரோனுக்கு முப்பது வயசுகூட இருக்காது. ஐந்தரை வருஷம் இயற்கை மருத்துவம் படித்த பட்டமும் பதிவு எண்ணும் சுவரில் தொங்கின. காந்திமதி அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டு வந்தீங்களாண்ணா? வெறும் வயித்துல குத்துனா சில பேருக்கு மயக்கம் வரும்."

"ஆமா மேடம்."

"ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர எதுவும் போடுறீங்களா? நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்கா?"

"இல்ல மேடம்."

"சுகர் மாத்திர தெனம் போடுறீங்களா?"

"ஆமா மேடம்."

"காலு மரத்துப்போறது, எரியுறது ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

பதில்கள் கேள்வி முடிவதற்கு முன்பே வந்தன. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சின்னப்பையன் கம்பெனியில் வருஷத்துக்கு மூன்று ஆடிட். வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஆட்களைத் தனியாகக் கேட்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு ரிகர்சல் நடக்கும். ஓய்வு நேரம் தருகிறார்களா? ஆமா சார். கையுறை தருகிறார்களா? ஆமா சார். கஷ்டம் ஏதாவது? அதெல்லாம் இல்ல சார். பதினாறு வருஷத்தில் நாற்பத்தெட்டு ஆடிட்டில் பாஸான மனிதன் அவன். வெள்ளைக் கோட்டு போட்டவர் பேனாவோடு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், எது சரியான பதில் என்பது மட்டும்தான் அவனுக்குத் தோன்றும். எது உண்மை என்பது தனி ஷிப்ட்.

காந்திமதி கேட்டாள்: "இது எப்டி டாக்டர் வேல செய்யிது? எங்கூட்டாண்ட ஒருத்தன் கல்லீரல் அழுவுதுன்றான்."

ஷாரோன் சிரிக்கவில்லை. அந்த மாதிரிக் கதைகளை அவள் நிறையக் கேட்டிருந்தாள். "ஊசி உள்ள போனா அங்க இருக்குற நரம்பு முழிச்சிக்கும்க்கா. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சேதி போகும். வலியக் கொறைக்கிற சரக்கு ஒடம்புலயே இருக்கு, மூளை அத எறக்கும். குத்துன எடத்துல தசை இளகும். அவ்ளோதான் இப்போதைக்குத் தெரிஞ்சது. சக்தி ஓடுற பாதைன்னு பழைய சீனப் புத்தகத்துல வரைஞ்சி வெச்சிருக்காங்க. அந்தப் படத்த வெச்சித்தான் நானும் எடம் பாக்குறேன். ஆனா அந்தப் பாதைய எந்த ஸ்கேன்லயும் யாரும் பாத்ததில்ல."

"அப்ப நல்லாயிடும்ன்றியா?"

"வலி கொறையலாம். கை கொஞ்சம் மேல போகலாம். கொஞ்சம் ஊசினால, கொஞ்சம் நீங்க நம்புறதுனால. எது எவ்ளோன்னு கேட்டா எனக்கும் தெரியாதுக்கா. இறுக்கம் முழுசா போக பயிற்சிதான். சுகர இது கொறைக்காது. ஆறு தடவ பாப்போம், ஒண்ணும் தெரியலன்னா நானே போதும்னு சொல்லிடுவேன். குத்துன எடத்துல சின்னதா ரத்தம் கட்டலாம், பயப்படாதீங்க."

காந்திமதிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தெரியாது என்று சொல்லும் டாக்டரை அவள் பார்த்ததில்லை. "ஊசி யாருக்காவது குத்தினதா?"

ஷாரோன் சீல் பிரிக்காத பாக்கெட்டை நீட்டினாள். காந்திமதி காலாவதித் தேதியைப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். "பத்து. போடும்போது சத்தமா எண்ணு டாக்டர்."

ஊசிகள் தலைமுடி மொத்தம்தான். தோளில் ஐந்து, முழங்கையில் ஒன்று, கையில் இரண்டு. கடைசி இரண்டும் முழங்காலுக்குக் கீழே போயின.

"தோள் நோவுக்குக் கால இன்னாத்துக்கு மேடம் குத்துறீங்க?"

"தோளு இறுகுனா இந்த எடத்துல குத்திக்கிட்டே கையத் தூக்க வெக்கிறது பழைய பழக்கம்ண்ணா. குத்துன எடத்துல கனமா, இழுக்குற மாதிரி இருக்கா?"

சின்னப்பையன் காலைப் பார்த்தான். ஊசி இருந்தது. டாக்டர் எதிர்பார்ப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மேடம். நல்லா இழுக்குது."

கை உண்மையாகவே மேலே போக ஆரம்பித்தது. சமையலறை நிலைப்படியில் காந்திமதி பென்சிலால் கோடு போட்டாள். முதல் வாரம் ஒரு விரற்கடை, மூன்றாம் வாரம் ஒரு சாண். ஐந்தாம் தடவை முடிந்த மறுநாள் அவன் தானாகச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவள் பார்த்துவிட்டு, "பட்டன மாத்திப் போட்ருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள். வேனில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

ஆறாவது தடவை புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மெடிக்கல். காலையிலிருந்து விடாத மழை. ஒரகடம் கூட்ரோட்டில் சர்வீஸ் ரோடு எது, பள்ளம் எது என்று லாரிகளுக்கே தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாக இவர்கள் ஏறினார்கள். காந்திமதியின் மடியில் யாருடைய பிள்ளையோ உட்கார்ந்திருந்தது. படப்பையில் இறங்கும்போது இருவரும் முழங்கால் வரை சேறு.

அன்றைக்கு நாற்காலியில் உட்காரவைத்துத்தான் குத்தினாள் ஷாரோன். கையைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். இருபது நிமிஷம். பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். சின்னப்பையன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். காந்திமதி எழுந்திருக்கவில்லை.

"டாக்டர். பதினொண்ணு போட்ட. பத்துதான் எடுத்த."

"பாக்கெட்ல பத்துதான்க்கா."

"நடுவுல தோள்ல இன்னும் புடிக்குதுன்னு இவரு சொல்லச்சொல்ல இன்னொரு பாக்கெட்ட பிரிச்சி ஒண்ணு போட்டியே. காலாண்ட."

ஷாரோன் குப்பைக் கூடையைப் பார்த்தாள். இரண்டு பாக்கெட் உறைகள் கிடந்தன. முகம் மாறியது. "ஆமாக்கா. எழுத மறந்துட்டேன். என் தப்புதான்."

"தப்ப அப்பறம் பேசிக்கலாம். யாரும் எழுந்திரிக்காதீங்க!"

வெளியே காத்திருந்த நான்கு பேரும் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். காந்திமதி தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தாள். துண்டை உதறினாள். கீழே டைல்ஸ் கடைக்குப் போய், "காந்தம் இருக்கா?" என்று கேட்டாள். அவர்கள் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிக் காந்தத்தைக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஹேர்பின்னும் இரண்டு குண்டூசியும் ஒட்டின.

"வா மே, போலாம். மழ நின்னுக்கிது. ஒரு ஊசிக்கு இன்னாத்துக்கு இந்த அலப்பற?"

"சும்மா கெட. துண்டு கெடைக்காம லைன் ஓடாது."

"இது இன்னா ஒன் கம்பெனியா?"

"ஒன் ஒடம்புதான? அது என் லைன். சட்டயக் கழட்டு."

கழற்றினான். உதறினாள். இல்லை. "பேண்ட மடி." மடித்தான். இல்லை. "செருப்ப குடு."

வலது செருப்பைக் கழற்றி நீட்டினான். செருப்பில் எதுவும் இல்லை. ஆனால் ஷாரோன் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலின் பக்கவாட்டில், சேற்றுக்கு நடுவே, பளபளவென்று ஒரு ஊசிப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. காலிலிருந்து கழன்று கீழே இருந்த செருப்பு வாரில் விழுந்திருக்க வேண்டும். அவன் காலை நுழைக்கும்போது உள்ளே போயிருக்கிறது. பாதி ஊசி சதைக்குள் இருந்தது.

"வலிக்கலயாண்ணா?"

"எது மேடம்?"

ஷாரோன் குனிந்து ஊசியைப் பிடுங்கினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மருந்து வைத்துத் துடைத்துவிட்டு, "கண்ண மூடுங்க" என்றாள். பஞ்சை நுனியாக முறுக்கி விரல்களில் தொட்டாள். "தொடும்போது சொல்லுங்க."

அவன் ரொம்ப நேரம் காத்திருந்தான். அப்புறம், தொடாதபோது, "ஆமா மேடம்" என்றான்.

பாதம் முழுக்க அப்படித்தான். கணுக்காலுக்கு மேலேதான் சரியான பதில் வந்தது.

"கால்ல குத்துறப்ப எல்லாம் இழுக்குதுன்னு சொன்னீங்களேண்ணா?"

"நீங்க கேட்டீங்க. இல்லன்னா ஒங்குளுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

விரல் நுனியில் குத்தி மிஷினில் வைத்தாள். முந்நூற்று எண்பத்தாறு. ஷாரோன் அதை வாய்விட்டுச் சொன்னாள். காந்திமதி எழுந்து வந்தாள்.

"யோவ். மாத்திர போடுறியா, இல்லியா?"

"போட்டேன்."

"அட்ட காலியாத்தான் கீது, நான் தெனம் பாக்குறேன். எங்க போச்சி அது?"

சின்னப்பையன் சுவரில் இருந்த பதிவு எண்ணைப் படித்தான்.

"முருங்க மரத்தாண்ட" என்றான். "அம்பது நாளா. மணி சொன்னான். கையும் தூக்குச்சா... சரி, வெளியேறுது போலன்னு நெனச்சேன்."

ஆக, ஐம்பது நாளாகப் பென்னலூரில் ஒரு முருங்கை மரத்துக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

காந்திமதி திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஷாரோன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எரிச்சல் குரலில் தெரிந்தது, பாதி தன்மேலேயே. "கை தூக்குறதுக்கு ஊசி ஒதவியிருக்கும்ண்ணா. அதுக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லன்னு மொத நாளே சொன்னேன். மாத்திரய நிறுத்தறதுன்னா அத எழுதிக் குடுத்தவரு சொல்லணும். நானும் சொல்லக் கூடாது, ஒங்க மணியும் சொல்லக் கூடாது. ஊசி வேல செய்யுறதே நரம்பு கேக்குறதாலதான். ஒங்க கால்ல நரம்பு கேக்கல. கம்பெனிகாரங்க கேட்டா எத வேணா சொல்லுங்க, எங்கிட்ட பொய் சொன்னா நான் இருட்டுல குத்துறேன். நானும் மொத நாளே கால தொட்டுப் பாத்திருக்கணும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தக் காலோட வெறுங்காலா நடக்காதீங்க."

"சரி மேடம். நாளைக்குப் போறோம். வெள்ளிக்கெழம ஃபிட்னஸ்ல சுகரு பாக்க மாட்டாங்களே?"

ஷாரோன் அவனையே பார்த்தாள். "ஃபோர்க்லிஃப்ட்டுக்கு பிரேக் எந்தக் கால்ண்ணா?"

"வலது."

திரும்பும் ஆட்டோவில் மூன்று பேர்தான். மூன்றாமவர் பேட்டரி விலையைப் பற்றி டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்தார். ஒரகடம் கூட்ரோடு தாண்டிச் சின்னப்பையன் வாயைத் திறந்தான்.

"ஃபாரத்துல காலுன்னே ஒண்ணு கெடயாது, தெரியுமா? கண்ணு, காது, கை. அவ்ளோதான். பதினாறு வருஷம் ஒருத்தன் மேலயும் இடிச்சதில்ல."

"ம்."

"மாத்திர போட்டா சரியாயிடும். நாளைலருந்து போடுறேன். நீயே வாயில போடு."

"ம்."

"வண்டி போச்சின்னா தொடப்பம்மே. நம்ம வூட்டாண்ட இருக்குறவன் பூரா என் ஷிப்டுலதான் கீறான். அவனுங்க முன்னாடி பெருக்கணும்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன் கெடங்குல பேக்கிங் பொம்பளைங்க எத்தினி பேரு?"

"முப்பது."

"நான் ஒரு ஊசி நுனிக்கு நாப்பது சீட்ட பிரிக்கிறேன்யா."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னால் போனாள். மணிகண்டபிரபு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"முந்நூத்தி எம்பத்தாறு" என்றாள்.

"அது... கழிவு வெளியேறும்போது கொஞ்சம் ஏறத்தான்க்கா செய்யும்..."

"அவுரு கால்ல ஊசி ஏறினதே அவுருக்குத் தெரியல. ஒன்னோட ஒத்த விரல இனிமே பேண்ட் பாக்கெட்ல வெச்சிக்க. போனத் தொடு, மனுஷாளத் தொடாத."

அவன் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். சான்றிதழைச் சுவரிலிருந்து அன்றைக்கே கழற்றினான் என்று சொல்ல ஆசைதான். கழற்றவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபடியும் மாத்திரை, இன்னும் கூடுதலாக. சரியாகுமா என்று கேட்டதற்கு, இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி மருத்துவ அறையில் வரிசை. சின்னப்பையன் முறை வந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே நேராகப் போயின. பக்கத்தில் நின்றவன் கைதட்டினான்.

"சுகர் இருக்கா? கன்ட்ரோல்ல இருக்கா?"

"ஆமா சார்."

வாய் சொல்லிவிட்டது. மனசு வருவதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. அடுத்த ஆள்.

பத்தரை மணிக்கு வண்டியை எடுத்தான். வண்டியின் தூக்கு முள்ளில் இரண்டு பேலட் சரக்கு. மழையில் நனைந்த சக்கரங்கள் தரையில் கிரீச்சிட்டன. மூன்றாவது ரேக் திரும்பும்போது மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டு பெண்கள் அட்டைப்பெட்டியோடு போனார்கள், ஏதோ சிரித்துக்கொண்டு. அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்தானா என்பது வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது. குனிந்து பார்த்தான். பூட்ஸ் பாதி பிரேக்கிலும் பாதி காற்றிலும் இருந்தது. பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டார்கள்.

முள்ளைத் தரைக்கு இறக்கினான். சாவியைத் திருப்பி அணைத்தான். பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடித்தது.

சூப்பர்வைசர் காசிராஜன் ஓடி வந்தார். "இன்னா சின்னா, வழில நிறுத்திட்ட? டாக் நாலுல லாரி நிக்குது!"

"ஓட்ட முடியாது சார். நான் ஃபிட் இல்ல."

காசிராஜன் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "இதோ போட்ருக்காரு, ஃபிட்டுன்னு. முத்திர கீது. டாக்டரே ஃபிட்டுன்றாரு, அன்ஃபிட்டுன்னு சொல்ல நீ யாருய்யா?"

"கை ஃபிட்டு சார். காலு தெரியல."

"காலு தெரியலன்னா? அதுக்கு இதுல எடமே இல்லயே! எங்க எழுதுறது நான்?"

சின்னப்பையன் வண்டிப் படியில் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றினான். கட்டைவிரலில் சின்ன பிளாஸ்திரி.

"ஒன் பேனாவால குத்து சார். எங்க வேணா குத்து." முகத்தை ரேக் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிடங்கில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். காசிராஜன் அவர்களைப் பார்த்து முறைத்தார், லாரியை நினைத்தார், குனிந்தார்.

சின்னப்பையன் காத்திருந்தான். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரனை நிறுத்தியிருந்தன.

"இன்னா சார், எப்ப குத்துவ?"

காசிராஜன் மூன்று தடவை குத்திவிட்டு, பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.